பாதி பானட்

வக்கீலம்மா வண்டியிலிருந்து இறங்கும்போதே கதவை அறைந்து சாத்தினாள். அது லேசாகத் தள்ளினாலே போய் ஒட்டிக்கொள்கிற கதவு. அதைப் போய் இப்படி அறைகிறாள் என்றால் வேறு யாருக்கோ விழ வேண்டிய அறை அது என்று கடையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

"யாரு இங்க முதலாளி?"

வாரம் தவறாமல் வருகிறவளுக்கு முதலாளி யாரென்று தெரியாதா என்ன? கோபமாக வருகிறவர்கள் எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே. சின்னவன் மேஜையை விட்டு எழுந்து ஓடி வந்தான். கல்லாவைப் பார்ப்பது, போன் எடுப்பது, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் அவன் வேலை. தண்ணீர் பக்கம் மட்டும் போகமாட்டான். செருப்பு நனைந்துவிடுமாம்.

"வாங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

"டீயை நீயே குடி. வெயில்ல வந்து பாரு."

கறுப்பு வண்டி. புதுசில் பார்த்தால் முகம் தெரியும். இப்போது பானட் என்கிற முன்மூடியின் மேல் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வட்டம் வட்டமாகக் கீறல். சிலந்தி உட்கார்ந்து பின்னின மாதிரி இருந்தது. இந்தத் தொழிலில் அதற்குச் சுழி என்று பேர். நிழலில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது, வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். வெயிலில் கொண்டுவந்தால் அத்தனையும் வெளியே வரும்.

"போன மாசம் வந்தது, பாலிஷ் மிஷின் போட்டு எடுத்துக் கொடுத்தீங்க. மறுபடி வந்துச்சு, மறுபடி எடுத்தீங்க. இப்பப் பாரு. என் வண்டி மேல கம்பி நாரைப் போட்டு யாரு தேய்க்கிறது?"

சின்னவன் பானட்டைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பிக் கழுவுகிற கொட்டகையைப் பார்த்தான். "அண்ணி, கொஞ்சம் வாங்க இப்படி."

அவள் அங்கே ஒரு வெள்ளைக் காரின் கூரைமேல் நுரை வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றிச் சுத்தத்தண்ணீர் வாளியில் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தாள். அவள் கை எப்போதும் ஈரம். "ஈரக்கை" என்று சின்னவன்தான் கேலிக்கு ஆரம்பித்தான், தெரு பிடித்துக்கொண்டது. அவள் எதிரில் நின்றே கூப்பிடுகிற அளவுக்கு அது பேராகவே ஆகிவிட்டது.

"பார்த்தீங்களா அண்ணி, உங்க கைவரிசையை?"

"என் கைவரிசைன்னு இதுல எழுதியிருக்கா?"

"கழுவுறது யாரு? நீங்க. சுத்திச் சுத்தித் தேய்ச்சாத்தான் வட்டமா விழும். சட்டி தேய்க்கிற மாதிரி தேய்ச்சா வேற எப்படி இருக்கும்?"

"நான் நேர்கோடாத்தான் இழுப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள் வட்டமா தேய்ச்சுப் பார்த்திருக்கியா? முதல்ல நான் கழுவி நீ பார்த்திருக்கியா? அங்க இருந்து போனைத்தானே பார்ப்பே."

வட்டத்தைப் பற்றிச் சின்னவன் சொன்னது சுத்த உளறல். கீறல் எந்தத் திசையில் இருந்தாலும் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாகத்தான் தெரியும். விளக்கை இந்தப் பக்கம் பிடித்தால் இங்கே ஒரு வட்டம், அந்தப் பக்கம் பிடித்தால் அங்கே ஒரு வட்டம். இது அவனுக்கும் தெரியும். தொழிலில் பிறந்து வளர்ந்தவன்தானே. ஆனால் அன்றைக்கு அது தெரியாதது மாதிரி இருப்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் அவள் நாற்காலி. இரண்டு பக்கத்துக்கும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். "அவன் கேட்டா பதில் சொல்றதை விட்டுட்டு எதுக்குடி எதிர்க்கேள்வி கேக்குறே? வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

"பதில்தான் சொல்றேன் அத்தை."

"அண்ணா!" என்று சின்னவன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

பாலிஷ்காரன் வெளியே வந்தான். அவள் புருஷன். தோளில் பச்சைத் துண்டு, விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளையாகப் பாலிஷ் மருந்துப் பசை. பானட்டின் மேல் குனிந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். அவன் கைக்கு ஊரில் பேர் உண்டு. மிஷினை அவன் பிடித்தால் கத்தாது, முனகும். கீறல் விழுந்த பெயிண்டை இழை இழையாக இறக்கிக் கண்ணாடியாக ஆக்கிக் கொடுப்பான். ஆனால் வாயைத் திறக்கமாட்டான். நல்ல மனுஷன், வாயில்லாத மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். வாயில்லாத மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எடுத்துடலாம்" என்றான்.

"எத்தனை தடவை எடுப்பே?" என்றாள் வக்கீலம்மா. "எடுக்க எடுக்கப் பெயிண்ட் தேய்ஞ்சுக்கிட்டே போகாதா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டியா?"

"தேயும்தான் மேடம். இன்னும் ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல தேய்ச்சா ஓரத்துல கலர் போயிடும்."

"அப்ப யாரு கீறுறான்னு இன்னிக்குக் கண்டுபிடி. இல்லேன்னா எதிர்த் தெருவுல ஒருத்தன் கடை வச்சிருக்கான். எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு அங்க போயிடுவேன்."

சின்னவன் இதற்காகத்தான் காத்திருந்தான் போலிருந்தது. "கண்டுபிடிக்க என்ன மேடம் இருக்கு? நான் ஒரு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிறேன். பிரஷ் மிஷின் வாங்கிக் கொட்டகையில வச்சிடலாம், உள்ள போற வண்டி தானே கழுவிக்கிட்டு வெளிய வரும். கை படாத வேலை. அண்ணி அக்கடான்னு அடுப்படியைப் பார்த்துக்கட்டும்."

"பிரஷ் மிஷின்ல சுழி விழாதா?" என்று அவள் கேட்டாள். கேட்டது சின்னவனை அல்ல, புருஷனை. அந்த மிஷினின் நார் முந்தின வண்டியின் மண்ணை எல்லாம் அடுத்த வண்டியில் பூசும் என்று சாப்பிடும்போது அவளிடம் சொன்னவனே அவன்தான். இப்போது பானட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

அடுப்படி என்றாலே அவளுக்கு ஆகாது. வேலைக்குப் பயந்து இல்லை. ஜன்னல் இல்லாத அறை, கதவுக்கு வெளியே மாமியாரின் நாற்காலி. உப்பைப் போட்டால் "ஏன் போட்டே", போடாவிட்டால் "ஏன் போடலை". காலையில் அந்த ஒரு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டுக் கொட்டகைக்கு வந்து குழாயைத் திறந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். தண்ணீரின் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்த ஈரத்தரை ஒன்றுதான் இருந்தது.

அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். சோப்புத்தண்ணீருக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி. இரண்டின் அடியிலும் மண் தங்கச் சல்லடைத் தட்டு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்காமல் வண்டி மேல் கையை வைக்கமாட்டாள். துடைக்கிற துணியைத் தேய்க்கமாட்டாள். விரித்துப் போட்டு ஒற்றி எடுப்பாள். சக்கரத்துக்கு என்று தனியாக ஒரு சிவப்பு வாளி. துணி கை நழுவிக் கீழே விழுந்தால் அது எவ்வளவு புதுசாக இருந்தாலும் சிவப்பு வாளிக்குத்தான் போகும். அப்புறம் அதற்கு வண்டியின் உடம்புப் பக்கம் வர ஆயுசில் அனுமதி இல்லை. "ஒரு மணல் போதும்" என்பாள். "நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும். எத்தனை துவைச்சாலும் வராது."

"சரி" என்றாள் அவள் இப்போது. "கண்டுபிடிச்சுடலாம். இவரு பானட்டை மட்டும் மிஷின் போட்டு எடுக்கட்டும். நடுவுல டேப் ஒட்டி ஒரு பாதியைக் காகிதம் போட்டு மூடிடுங்க. மூடாத பாதியை எல்லாரும் பார்க்க நான் கழுவுறேன். வெயில்ல வச்சுப் பாருங்க. சுழி இருந்தா நான் அடுப்படிக்குப் போயிடுறேன். இல்லேன்னா உன் பிரஷ் மிஷின் பேச்சை இந்தக் கொட்டகையில எடுக்கக் கூடாது. சரியா தம்பி?"

"பேச்சு மாறக் கூடாது அண்ணி."

"நான் மாறமாட்டேன்."

"எப்படிப் பேசுறா பாரு" என்றாள் மாமியார். "பந்தயம் கட்டுறாளாம் பந்தயம்."

வக்கீலம்மாவுக்கு இது பிடித்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஆட்டோ பிடித்துப் போனாள்.

பாலிஷ்காரன் உச்சி வெயில் வரை அந்தப் பானட்டோடு கிடந்தான். ஓரங்களுக்கு டேப் ஒட்டினான். பஞ்சுத் தட்டில் மருந்தைப் பொட்டு வைத்து, கையகல இடத்தை எடுத்துக்கொண்டு, மிஷினை மெதுவாக ஓட்டி, விளக்கு பிடித்துப் பார்த்து, அடுத்த கையகலத்துக்குப் போனான். அவள் இடையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஏங்க, நீங்களாவது நம்புறீங்களா?"

"என்னத்தை?"

"நான் கீறலைன்னு."

தண்ணீரைக் குடித்தான். துண்டால் வாயைத் துடைத்தான், நெற்றியைத் துடைத்தான், கையில் இருந்த பசையைத் துடைத்தான், மறுபடி தோளில் போட்டான். "பார்ப்போம்" என்றான். அவள் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். சண்டை போடுகிறவனைக் கூடச் சமாளித்துவிடலாம், பார்ப்போம் என்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வக்கீலம்மா வந்ததும் ஒரு பாதியை மூடினார்கள். மறுபாதியை மருமகள் கழுவினாள். இத்தனை கண்கள் பார்க்க அவள் வேலை செய்ததில்லை. சின்னவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாமியார் நாற்காலியைக் கொட்டகை ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். மருமகள் அவசரப்படவில்லை. தண்ணீரைப் பீய்ச்சினாள், நுரை வைத்தாள், நேர்கோடாக ஒரு இழுப்பு, அலசல், இன்னொரு இழுப்பு. கடைசியில் பெரிய துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தாள்.

"ஆச்சு. வெயிலுக்குத் தள்ளுங்க."

தள்ளிக்கொண்டு போனார்கள். போய் நிறுத்தவும் ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. "சாமியே உங்க பக்கம் போல அண்ணி" என்று சின்னவன் இளித்தான். டீ வந்தது. வக்கீலம்மாவுக்குப் போன் வந்தது, திரும்பி நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தான். மாமியார் டீயை ஊதினாள். மருமகள் குழாயடியில் துணியைப் பிழிந்துகொண்டு தலையைத் தூக்கினாள்.

வைப்பருக்கு அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து பானட்டில் இறங்கியது. பாலிஷ்காரன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். சொட்டைத் துடைத்தான். கையோடு கையாக மேலிருந்து கீழ் வரை, இந்த ஓரத்திலிருந்து டேப் வரை, நாலு இழுப்பில் மொத்தப் பாதியையும் துடைத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டான்.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

எத்தனை வருஷம்! எத்தனை வண்டி! அவள் கழுவி, ஒற்றி எடுத்ததும், சாவியைக் கொடுக்கும் முன் அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். கண்ணாடி ஓரம் ஒரு சொட்டு, கைப்பிடியில் ஒரு சொட்டு, பானட்டில் கடைசியாக ஒரு துடைப்பு. முகம் துடைத்த துண்டு, மருந்துப் பசை காய்ந்த துண்டு, மதியம் தரையில் விரித்துப் படுத்த துண்டு. இத்தனை காலமும் கண்ணெதிரே நடந்தது. ஒருவன் தன் நெற்றியைத் துடைத்துக்கொள்வதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இதையும் அப்படித்தான் யாரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அவன் கீறிவிட்டு, அவனே எடுத்து, பேர் வாங்கியிருக்கிறான். திட்டு மட்டும் அவளுக்கு.

அவள் அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான், இரண்டு பேர் கண்ணும் சந்தித்தது, அவன் முகம் மாறியது. புரிந்துகொண்டான். புரிந்துகொண்டவன் வாயைத் திறப்பான், இதற்குமா திறக்காமல் இருப்பான் என்று நம்பினாள். அன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மேகம் விலகியது. கறுப்புப் பெயிண்டில் சூரியன் பளீரென்று விழுந்தது. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சுழி. அவரவர் நின்ற இடத்தில் அவரவருக்கு ஒரு வட்டம் தெரிந்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" சின்னவன் குதித்தான். "நான் சொன்னா பொல்லாப்பு. மேடம், நீங்களே பாருங்க."

"அதானே பார்த்தேன்" என்றாள் மாமியார். "எழுந்து போய் அடுப்பைப் பத்த வைடி."

அவள் புருஷனிடம் போய் நின்றாள். "ஏங்க, சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"நான் துணியை எடுத்ததுக்கு அப்புறம் இது மேல யாரு கை வச்சாங்க? சொல்லுங்க."

பாலிஷ்காரன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். நிதானமாக மடித்தான், இடுப்பில் சொருகினான். தம்பியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாயில்லாத மனுஷன் அன்றைக்கு வாயைத் திறந்தான்.

"இவளுக்குக் கை அழுத்தம் ஜாஸ்தி. நானும் எத்தனையோ தடவை சொல்லித்தான் பார்த்தேன்."

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். நேராகப் போய் அவன் இடுப்பில் இருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை வைத்துத் தடுத்தான்.

"விடு! என்ன பண்றே?"

"அத்தை, இந்தத் துண்டாலதான் உங்க பிள்ளை இப்ப என் பாதியைத் துடைச்சாரு. இதுல மண்ணு இருக்கு. இதுதான் கீறுது."

மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "யாரைப் பார்த்துடி சொல்றே? பழியைத் தூக்கிப் புருஷன் தலையில போடுறியா? அவன் தொட்டா இரும்பும் மின்னும்டி. என் பிள்ளை துண்டுல என்ன இருக்குங்கிறே?"

"ஒண்ணும் இல்லேன்னா நீங்களே துடைச்சுப் பாருங்க." அவள் ஒரே இழுப்பில் டேப்பையும் காகிதத்தையும் கிழித்தாள். மூடியிருந்த பாதி கண்ணாடியாகக் கிடந்தது, ஒரு சுழி இல்லை. வக்கீலம்மா பக்கம் திரும்பினாள். "உங்க வண்டி மேடம். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

வக்கீலம்மா மாறி மாறி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பாலிஷ்காரன் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். "துடைங்கம்மா" என்றாள்.

"அம்மா, வேண்டாம்" என்றான் பாலிஷ்காரன்.

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கூட மாமியார் யோசித்திருப்பாள். இப்போது அவளுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. "எதுக்குடா வேண்டாம்? இவளுக்கு நாம பயப்படணுமா?" துண்டைப் பிடுங்கினாள். பெற்ற பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் பளபளத்த பாதியை மேலும் கீழும் துடைத்தாள். "பாருடி! நல்லாப் பாரு! என்ன ஆச்சு இப்ப?"

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். கை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது.

டேப் இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி சுழி. எது யார் பாதி என்று சொல்ல முடியாது. மாமியார் துண்டைப் பார்த்தாள், பிறகு அது சுட்ட மாதிரி கீழே போட்டாள். சின்னவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான், அதில் ஒன்றும் வரவில்லை.

"நாளைக்கு எடுத்துத் தர்றேன் மேடம்" என்றான் பாலிஷ்காரன்.

"எடுக்க இனிமே அதுல என்ன மிச்சம் இருக்கு? நீ தொடாதே." வக்கீலம்மா சாவியைக் கேட்டு வாங்கினாள். ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்தாள். "அடுத்த வாரம் வருவேன். நீ கழுவணும், நீயே என் கையில சாவியைக் கொடுக்கணும். நடுவுல யாராவது தொட்டா அதுதான் கடைசி." இந்தத் தடவை கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு மாமியார் ஆரம்பித்தாள். "என் கையை வச்சே என் பிள்ளையைக் காட்டிக் கொடுத்துட்டியேடி பாவி. நாலு பேர் பார்க்க அவனைத் தலைகுனிய வச்சுட்டியே. உனக்கு இப்பக் குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்கு அத்தை" என்றாள் அவள்.

சாயங்காலம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகை அவளுக்குத்தான் என்று ஆகிவிட்டது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சின்னவன் பிரஷ் மிஷின் படம் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்திருந்தான், அவ்வளவுதான். பாலிஷ்காரன் வந்து கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். வெறுந்தோள். கை இரண்டு தடவை தோளுக்குப் போய்விட்டு ஒன்றும் இல்லாமல் இறங்கியது.

"துண்டு எங்க?"

"சிவப்பு வாளியில."

அவன் வாளியைப் பார்த்தான். சக்கரம் துடைத்த கந்தல்களோடு பச்சையாக அது ஊறிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை வாய் தவறி வந்துடுச்சு" என்றான். "அம்மா நிக்கிறாங்க. தம்பி நிக்கிறான். என் கையாலதான் இத்தனையும்னு எப்படிச் சொல்றது? இந்தக் கையை வச்சுத்தானே எல்லாம்."

அவள் அடுத்த துணியை உதறினாள்.

"நான் வேணும்னு செய்யலை. நீ பார்க்கிற வரைக்கும் எனக்கே தெரியாது."

"துடைச்சது தெரியாம செஞ்சது. அதை நான் ஒண்ணும் சொல்லலை."

அது அவனுக்குப் புரிந்தது. பிறகு வாளியைக் காட்டி, "துவைச்சா சரியாயிடாதா?" என்றான். துண்டைத்தான் கேட்டான் என்று எடுத்துக்கொள்ள முடியாத குரல்.

"கீழ விழுந்த துணியை நான் என்னிக்காவது எடுத்து மறுபடி வண்டி மேல போட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி?" என்று சொல்லிவிட்டு அவள் துணியைக் கொடியில் போட்டுக் கிளிப்பை மாட்டினாள்.